மூடப்படாத குழி

பழைய இரும்பை எடைக்குப் போடுவது கொங்கு நாட்டில் அன்றாட வழக்கம். கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள வார்ப்பாலைகளில் அவ்விரும்பு உருகிப் பம்பு உறுப்புகளாக மறுபிறவி எடுக்கின்றது. எதையும் வீணாக்காத இச்சிக்கனம் நம் மண்ணின் பெருமையே. ஆயினும், எடைக்குப் போடவே கூடாத பொருளொன்று உண்டு.

1985 முதல் பயன்படாது கிடந்த கதிர்வீச்சுக் கருவியொன்றைத் தில்லிப் பல்கலைக்கழகம் 2010-இல் ஏலத்தில் விற்றது. மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. தொழிலாளி ஒருவர் இறந்தார். வேறு சிலர் நோயுற்றனர். கோபால்ட்-60 ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுக்கொருமுறை தன் வீரியத்தில் பாதியை இழக்கும். 1985-இல் இருந்த வீரியத்தில் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்கே எஞ்சியிருந்தும், அவ்வெச்சமே உயிரைக் குடித்தது.

பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. கதிர்மருத்துவ நிலையமொன்று இடம் மாறியபோது, சீசியம்-137 அடங்கிய கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. 1987-இல் அதை எடுத்துச் சென்றோர் உடைத்தனர். இருளில் நீலமாய் ஒளிர்ந்த தூளைக் கண்டு வியந்து, உற்றாரோடு பகிர்ந்துகொண்டனர். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் மாண்டனர்.

குற்றம் யாருடையது? உடைத்தவர்களுடையது என்பது எளிய விடை. ஆனால் அவர்கள் அறியாமை, அறநெறி இறையியல் கூறும் வெல்லவியலா அறியாமை. விட்டுச் சென்றவர்களோ அறிந்திருந்தார்கள், அல்லது அறியக் கடமைப்பட்டிருந்தார்கள். விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு: குழியைத் திறந்து மூடாது விட்டவன், அதில் விழுந்து சாகும் மாட்டுக்கு ஈடு செய்ய வேண்டும். அவன் உள்நோக்கத்தை அச்சட்டம் கேட்பதில்லை. மூடாத ஆழ்துளைக் கிணற்றுக்கு 2019-இல் மணப்பாறை அருகே ஒரு குழந்தையைப் பறிகொடுத்த நமக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது.

மருத்துவமனையில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. புற்றுநோயாளியின் உடலுள் வைக்கப்படும் கதிர்மூலங்கள் சில மிகச் சிறியவை. கட்டுத்துணியோடு குப்பைக்கும், விரிப்போடு சலவைக்கும் போய்விடக் கூடியவை. ஆதலால்தான் அவற்றை எடுத்தபின் எண்ணுவதும், துணிகள் வெளியேறுமுன் அறையை அளவுகருவியால் சோதிப்பதும் விதியாக உள்ளன. எண்ணிக்கை குறைந்தால் முதல் ஒரு மணி நேரமே பெருமதிப்புடையது. அந்த நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் அச்சம். 'எங்கே இருக்கிறது?' என்பதற்கு முன்பே 'தொலைத்தது யார்?' என்று கேட்கும் நிர்வாகத்தில், வேலைக்கு அஞ்சும் செவிலியர் வாய் திறப்பாரா? அவர் மௌனத்தில் நிர்வாகிக்கும் பங்குண்டு என்பதே நம் துணிபு. லூக்கா நற்செய்தியில் காசைத் தொலைத்த பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்குகிறாள். கிடைத்ததும் அண்டை வீட்டாரை அழைக்கிறாள். தொலைத்ததை மறைத்திருந்தால் அழைத்திருக்க மாட்டாள்.

அறிந்தவர் ஓய்வு பெற, அறியாதவர் பொறுப்பேற்பது எந்நிறுவனத்திலும் இயல்பு. துறவற சபைகளில் இம்மாற்றம் இன்னும் விரைவானது. நம் மருத்துவமனைகளில் பொறுப்பு கைமாறும் நாளில் சாவிக்கொத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்படைக்கும் இல்லத்தலைவி, கதிர்மூலப் பதிவேட்டையும் விரித்து, புதியவரோடு அறைக்குள் சென்று, ஒவ்வொன்றையும் பாதுகாப்பு அலுவலர் முன் சரிபார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.