பற்றா, ஈடுபாடா?

ஒரு தொழிலின்மீது வாழ்நாள் முழுதும் குன்றாத விருப்பம் கொண்டிருத்தல் பற்றின்பாற் படுமா? இவ்வினா எளிதன்று. பற்றினைத் தளை என்று கேட்டு வளர்ந்தவர் நாம். ஆயினும் கழனியிலோ கரும்பலகையின் முன்னோ ஐம்பது ஆண்டுகள் மனம் ஒன்றி உழைத்த ஒருவரைக் காணுங்கால், அவரைக் குறைகூற நமக்கு நா எழுவதில்லை. ஏன்?

இதனை ஆராய, நமக்கு எவ்வகை உறவும் இல்லாத ஒரு பெண்மணியின் வாழ்வை எடுத்துக்கொள்வோம். உற்றார் எனில் நடுநிலை பிறழக்கூடும்.

எவலின் பிரையன் ஜான்சன் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1909இல் பிறந்தவர். கணவர் போர்க்காலப் படைப்பணிக்குச் சென்றுவிட, டென்னசியில் சலவைத் தொழிலைக் கவனித்துவந்தார். 1944இல் நாளிதழில் கண்ட விளம்பரம் ஒன்று அவரை விமானப் பயிற்சிக்கு ஈர்த்தது. பயிற்சித்திடலோ நாக்ஸ்வில் நகரத்தை ஒட்டிய ஆற்றுத்தீவில் இருந்தது. இரயிலிலும் பேருந்திலும் சென்று, சிறிது தொலைவு நடந்து, இறுதியில் படகு வலித்து அவ்விடத்தை அடைந்தார். அப்போது அவர் முப்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

பெருங்கடலைத் தனியே கடந்தவரோ, விண்வெளிக்குச் சென்றவரோ அல்லர் அவர். மாரிஸ்டவுன் என்னும் சிறு நகரின் விமானத்திடலை மேற்பார்த்துக்கொண்டு, நாடி வந்தவர்க்கெல்லாம் பறக்கக் கற்பித்தார், அவ்வளவே. ஆயினும் அவர் வானில் கழித்த நேரம் 57,635 மணி. அதாவது ஆறரை ஆண்டுகள். பெண் விமானிகளுள் மிகுதியான நேரம் பறந்தவர் என்று கின்னஸ் நூல் அவரைக் குறித்தது.

‘மணிக்கணக்கைக் குறித்து வைப்பதும் ஒருவகைப் பொருள் சேர்ப்பன்றோ?’ என்று நண்பர் ஒருவர் வினவினார். நியாயமான கேள்விதான். ஆனால் அக்குறிப்பேடு விமானி தம் தகுதியை மெய்ப்பிக்க எழுதிவர வேண்டிய ஒன்று. மேலும், அம்மணிகளில் பெரும்பகுதி பிறர்க்குக் கற்பித்த மணிகள். இங்கேதான் நம் வினாவின் முடிச்சு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சி விமானத்தில் இயக்குகருவிகள் இரட்டையாக அமைந்திருக்கும். மாணவர் பிழைபுரியுந்தோறும் ஆசிரியரின் கை தானே முன்செல்லும். உடனே குறுக்கிட்டால் மாணவர் ஒருநாளும் கற்கமாட்டார். காலந்தாழ்த்தினால் இருவர் உயிர்க்கும் கேடு. அந்த இடைவெளியில் கையை அடக்கிவைத்திருத்தல் எத்துணை அரிய பயிற்சி! பின்னர் ஒருநாள் ஆசிரியர் இறங்கித் தரையில் நின்றுகொள்ள, மாணவர் முதன்முறையாகத் தனியே மேலெழுவார். பறத்தலையே உயிராகக் கருதும் ஒருவர், அதனைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அண்ணாந்து நிற்கிறார். பற்று இதற்கு உடன்படுமா? பற்றுக்கு விடத் தெரியாது.

9,000க்கும் மேற்பட்டோரை விமானி உரிமத்திற்காகத் தேர்வு செய்த பொறுப்பும் அவர்க்கு இருந்தது. தகுதியற்றவரை இரக்கத்தால் தேர்ச்சிபெறச் செய்தால் அது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். 1958இல் அத்திடலிலேயே ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து நொறுங்கியபோது, தம் உயிரைப் பொருட்படுத்தாது ஓடிச்சென்று அதன் விமானியைக் காக்க உதவினார். அதற்காகக் கார்னெகி வீரப்பதக்கம் பெற்றார்.

எனினும் அவரை முற்றத் துறந்தவராகக் காட்டுவது என் நோக்கமன்று. 2006இல் ஏற்பட்ட கார் விபத்தில் ஒரு காலை இழந்தார். கண்ணழுத்த நோயும் சேர்ந்துகொண்டது. தொண்ணூறு வயதைக் கடந்தும் ஓயாத பறத்தல் அத்துடன் நின்றது. அவர் உள்ளத்தில் ஏக்கமே எழுந்திராது என்று நான் சொல்லமாட்டேன். அறுபது ஆண்டுப் பழக்கம் அன்றோ? ஆனால் அதன்பின்னும் திடலின் மேலாளர் பொறுப்பை அவர் விடவில்லை. தாம் ஏற இயலாத விமானங்கள் நாள்தோறும் ஏறி இறங்கிய அந்த இடத்தின் பணிகளை, நூறு வயதை ஒட்டியும் கவனித்துவந்தார். 2012ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 102ஆம் வயதில் மறைந்தார்.