முகவரியில்லாதோரின் பங்கு

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு
1 அரசர் 19:4-8, எபேசியர் 4:30 – 5:2, யோவான் 6:41-51



பெரில் புயல் நம்மைக் கடந்து ஒரு மாதம் ஆகிறது. 2024 ஜூலை 8 அன்று ஹூஸ்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது லட்சத்துக்கும் மேலான இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. மே மாதத்துச் சூறைக்காற்றின் அலைச்சலே தீரவில்லை, அதற்குள் இது. சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் கரண்ட் வரவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த மீனையும் கறியையும் கறுப்புப் பையில் கட்டித் தெருவோரம் வைத்தோம். கைக்குழந்தையோடு காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு இரவைக் கழித்தவர்கள் இந்த இருக்கைகளில் இப்போது அமர்ந்திருக்கிறீர்கள். அந்த நாட்களில்தான் உங்களில் பலர் என்னிடம் ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள்: "போதும், ஃபாதர்."

நம்மில் இரண்டு குடும்பங்கள் அந்த வார்த்தையைச் செயலாக்கிவிட்டன. வீட்டை விற்றுவிட்டார்கள். பிக்கப் டிரக் இழுத்துப் போகும் பெரிய ஆர்.வி. ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். செப்டம்பரில் கிழக்கு டெக்சஸின் பைன் காடுகளுக்குள் போய், கொஞ்சம் நிலம் பிடித்து, அந்தச் சக்கரம் வைத்த வீட்டிலேயே குடியிருக்கப் போகிறார்கள். ஏறிக்கொண்டே போகும் சொத்து வரி, வீட்டுக் காப்பீடு, 45ஆம் எண் நெடுஞ்சாலையில் தினமும் கரையும் நேரம், எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். போவது கடவுளுக்கு ஏற்றதா என்று என்னிடம் கேட்டார்கள். மற்றவர்கள் வேறொன்று கேட்டீர்கள், அதுவும் என் காதுக்கு வந்தது. "ஊரில் வயலை விற்றுப் படிக்க வைத்தது வண்டியில் குடியிருக்கவா? நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது எந்த வீட்டைக் காட்டுவார்கள்?"

இன்றைய நற்செய்தியில் யூதர்களும் இப்படித்தான் முணுமுணுக்கிறார்கள். இயேசு விண்ணிலிருந்து வந்ததாகச் சொல்கிறாரே, இவர் யோசேப்பின் மகன்தானே, தாயையும் தகப்பனையும் நமக்குத் தெரியாதா என்கிறார்கள். ஆண்டவருடைய ஊரும் வீடும் அவர்களுக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்துக்கொண்டார்கள். நாமும் ஒருவருடைய முகவரியைக் கேட்டவுடன் அவரை எடை போட்டு முடித்துவிடுகிறோம், இல்லையா?

எலியாவிடம் வருவோம். கார்மேல் மலையில் நெருப்பை இறக்கிய இறைவாக்கினர், அரசி ஈசபேலின் ஒரு மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு நாள் பயணம் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் விழுந்து, தாம் வாழ்ந்தது போதும் என்று மன்றாடுகிறார். கடவுள் அப்போது என்ன செய்தார் என்பதை மெதுவாகப் பாருங்கள். ஏன் ஓடி வந்தாய் என்று கேட்கவில்லை. உன் நம்பிக்கை எங்கே போயிற்று என்று கடிந்துகொள்ளவில்லை. தூதர் வந்து தொட்டு எழுப்புகிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கோபமில்லை. தூதர் இரண்டாம் முறையும் வந்து எழுப்பி உணவு கொடுக்கிறார். இங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வி பின்னால் வரத்தான் செய்கிறது. ஆனால் உண்டு, உறங்கி, நாற்பது நாள் நடந்து, ஓரேபு மலைக்குகையில் இரவு தங்கிய பிறகே வருகிறது. நம் வீட்டில் ஒருவர் களைத்துப்போய் வந்து நிற்கும்போது நாம் முதலில் நீட்டுவது அப்பத்தையா, கேள்வியையா?

போகிறவர்களே, உங்கள் களைப்பைப் பற்றி நீங்கள் கூச்சப்பட வேண்டாம். அது பாவமில்லை. ஆண்டவர் அதை அறிந்திருக்கிறார்.

ஆனால் இன்றைய வாசகத்துக்கு முந்திய வசனத்தில் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள். எலியா பாலைநிலத்துக்குள் போகுமுன் பெயேர்செபாவில் தம் பணியாளனை விட்டுவிட்டுப் போகிறார். சாவைக் கேட்டு மன்றாடியபோது அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. உங்கள் பெயேர்செபாவில் யாரை விட்டுவிட்டுப் போகிறீர்கள்? டவுன்ஹோமில் தனியாக இருக்கும் உங்கள் அத்தையை யார் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார்கள்? சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு செபம் கற்ற பிள்ளைகளிடம் சொல்லிவிட்டீர்களா? போகாதீர்கள் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. பாலைநிலத் துறவிகளின் தந்தை என்று நாம் போற்றும் புனித வனத்து அந்தோனியார்கூடத் தம் தங்கையைப் பாதுகாப்பான கைகளில் ஒப்படைத்த பிறகுதான் தனிமையை நாடினார். துன்புறுத்தல் வந்தபோது அதே அந்தோனியார் பாலைநிலத்தை விட்டு அலெக்சாந்திரியா நகருக்கு வந்து, சிறையில் இருந்த கிறிஸ்தவர்களுக்குத் துணைநின்றார். தனிமை அவரை மனிதர்களிடமிருந்து துண்டிக்கவில்லை.

எரேமியா நூலின் 35ஆம் அதிகாரம் ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை. எனக்கு மிகப் பிடித்த அதிகாரம் அது. ரேக்காபியர் என்றொரு குலம். திராட்சை இரசம் குடிக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது, விதைக்கக்கூடாது, தோட்டம் வைக்கக்கூடாது, வாழ்நாளெல்லாம் கூடாரங்களில்தான் தங்க வேண்டும் என்பது அவர்களுடைய மூதாதை யோனதாபின் கட்டளை. தலைமுறை தலைமுறையாக அப்படியே வாழ்ந்தார்கள். பாபிலோனியப் படை நாட்டுக்குள் புகுந்ததும் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு எருசலேம் நகருக்குள் தஞ்சம் புகுந்தார்கள். நகரம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அங்கே எரேமியா, கடவுள் சொன்னபடி, கோவில் அறை ஒன்றில் அவர்கள் முன் திராட்சை இரசத்தை வைத்துக் குடிக்கச் சொல்கிறார். அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். கடவுள் அந்தக் கூடாரவாசிகளைக் காட்டி, இவர்கள் தங்கள் தந்தையின் சொல்லைக் காத்தார்கள், நீங்களோ என் சொல்லைக் கேட்கவில்லையே என்று நகரத்தாரிடம் வருந்துகிறார்.

அவர் எருசலேம் மக்களிடம் வீடுகளை இடித்துவிட்டுக் கூடாரத்துக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. ரேக்காபியரிடம் இனிமேலாவது ஒரு வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. கூரை எதுவாக இருந்தாலும், அதன் கீழ் இருப்பவர்கள் கொடுத்த சொல்லில் நிற்கிறார்களா என்று பார்த்தார். திருமணப் பீடத்தில் கொடுத்த சொல், பிள்ளையின் திருமுழுக்கில் கொடுத்த சொல், சாகக் கிடந்த தாயிடம் கொடுத்த சொல். அன்பானவர்களே, அவற்றில் எதை நாம் வீடு மாறும்போதெல்லாம் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம்?

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடமிருந்து ஒரு தம்பதியர் இதேபோல் லிவிங்ஸ்டன் பக்கம் போனார்கள். ஹூஸ்டனுக்கு வடக்கே, காரில் ஒன்றரை மணி நேரம். அம்மா ஓய்வுபெற்ற செவிலியர். புதுக் குடியிருப்பை மந்திரித்துத் தர வேண்டும் என்று கூப்பிட்டார். போனதும் ஐயா ஒரு சந்தேகம் கேட்டார்: "இது வீடு மந்திரிப்பா, வண்டி மந்திரிப்பா ஃபாதர்?" ஆசி நூலில் இரண்டுக்கும் தனித்தனிச் செபங்கள் இருக்கின்றன. இரண்டையும் சொன்னேன். உள்ளே அடுப்பங்கரை மேல் வெல்க்ரோ வைத்து ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்துக்கும் தீர்த்தம் தெளித்தேன், வெளியே வந்து சக்கரங்களுக்கும் தெளித்தேன்.

முந்நூறு சதுர அடிதான் இருக்கும். இட்லிப் பானை ஓவனுக்குள் இருந்தது. குளிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சுமார் இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று. அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டச் சுவரில் சின்ன விளக்குகள். அம்மா பாத்திரம் கழுவும்போது அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்துக் குழாயை மூடினார். பெரிய வீட்டில் இருந்தபோது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை, இப்போது ஒவ்வொரு செம்புக்கும் நன்றி சொல்கிறேன் என்றார். கோபம் வந்தால் கதவை அறைந்துவிட்டுப் போக இன்னோர் அறை இல்லை என்றும் சொன்னார். முதல் மழைக்காலத்தில் இருவரும் மூன்று நாள் பேசாமல், ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்க, உள்ளேயே இருந்திருக்கிறார்கள். நாட்டுப்புறத்துக்குப் போனால் மனம் தானாக அமைதியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக, அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஐயா எனக்குக் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் முறையைக் காட்டினார். ஆர்.வி.யில் இரண்டு கழிவுத் தொட்டிகள் உண்டு. கழிவறைக் கழிவு ஒன்றில், குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் மற்றொன்றில். நிரம்பியதும் குழாயைப் பொருத்தி, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது முழுவதும் போன பிறகுதான் இன்னொன்றைத் திறக்கலாம். சோப்பு நீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிக்கொண்டு போகும். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். காலைச் செபம் சொல்லவில்லை, கோபப்பட்டேன் என்று லேசானதையெல்லாம் முதலில் சொல்லி, கனமானதை அடியிலேயே தேக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். மனக்கசப்பையும் சீற்றத்தையும் உங்களைவிட்டு நீக்குங்கள், கிறிஸ்துவில் கடவுள் உங்களை மன்னித்தது போல ஒருவரையொருவர் மன்னியுங்கள் என்று பவுலடியார் இன்று நம்மைக் கெஞ்சுகிறார். கனமானதை முதலில் சொல்லுங்கள். அதைக் கேட்டு எந்தக் குருவும் முகம் சுளிப்பதில்லை. ஆண்டவருடைய இரக்கம் பின்னால் வந்து எல்லாவற்றையும் கழுவிவிடும்.

இன்னொரு கூட்டத்தை நாம் மறந்துவிடக்கூடாது. விரும்பிப் போனவர்களைப் பற்றித்தான் இதுவரை பேசினேன். 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர் வேனிலும் ஆர்.வி.யிலும் ஏறினார்கள். அக்டோபரில் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடை, பண்டிகைக் காலத்தில் கிடங்கு வேலை, குளிருக்கு அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைநிலம் என்று அவர்கள் அலைவதை ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் ஒரு நூலாக எழுதினார். அதே 2017இல் ஹார்வி புயல் நம் ஊரில் எத்தனை வீடுகளை மூழ்கடித்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வாசலில் ஒரு டிரெய்லரை நிறுத்தி மாதக்கணக்கில் அதிலேயே பிள்ளைகளை வளர்த்தவர்கள் நம்மிடையே உண்டு. இன்று இரவும் வால்மார்ட் வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஜன்னலுக்கு அட்டை வைத்து மறைத்த பழைய வண்டி ஒன்று நிற்கும். அதற்குள் இருப்பவரை நாம் எந்தப் பெயரால் கூப்பிடுகிறோம்?

திருச்சபை அவரை மறக்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 107ஆம் எண்ணை வாசித்துப் பாருங்கள். எங்குமே நிலையான உறைவிடம் இல்லாதவருக்கு, அவர் இப்போது தங்கியிருக்கும் இடத்தின் பங்குத்தந்தையே அவருடைய சொந்தப் பங்குத்தந்தை என்கிறது அந்தச் சட்டம். புலம்பெயர்ந்தோர், அகதிகள், நாடோடிகள், கடலோடிகள் ஆகியோருக்கு இயன்றவரை ஆன்ம குருக்களை நியமிக்க வேண்டும் என்கிறது 568ஆம் எண். சட்டப் புத்தகத்துக்குள் இத்தனை பரிவா என்று குருமடத்தில் படித்தபோது வியந்திருக்கிறேன். ஒரு மனிதர் வண்டியை எங்கே நிறுத்துகிறாரோ, அங்கே அவருக்காகப் பதில் சொல்ல வேண்டிய ஒரு மேய்ப்பர் இருக்கிறார். வால்மார்ட் ஓரத்தில் நிற்பவருக்கு, அவர் இதே பங்கின் எல்லைக்குள் நின்றால், இந்தப் பங்குத்தந்தைதான் பொறுப்பு. அவரோடு சேர்ந்து நீங்களும் பொறுப்பு.

செப்டம்பரில் போகிறவர்களே, லிவிங்ஸ்டன் பக்கமுள்ள உங்கள் புது இடம் பியூமான்ட் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள பங்குத்தந்தையிடம் போன முதல் வாரமே உங்கள் பெயரைச் சொல்லுங்கள். காட்டுக்குப் போனால் புயல் தொடராது என்று எண்ண வேண்டாம். இந்த மே மாதம் டிரினிட்டி ஆறு பெருகி லிவிங்ஸ்டன் பகுதியில் எத்தனை பேர் வெளியேற வேண்டியிருந்தது என்று பார்த்தோம். பெரிலும் அந்தப் பைன் மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போயிற்று. சூறாவளி எச்சரிக்கை வந்தால் வண்டிக்குள் இருக்காதீர்கள். எங்கள் வீடுகளில் அறைகள் இருக்கின்றன, நள்ளிரவிலும் கூப்பிடலாம்.

லிவிங்ஸ்டனில் உங்களுக்கு ஆறுதலான ஓர் இடமும் உண்டு. சக்கர வீடுகளில் வாழ்வோருக்காக ஜோ, கே பீட்டர்சன் என்ற தம்பதியர் 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கத்தின் தலைமையிடம் அது. ஆயிரக்கணக்கான நாடோடிகளுக்குக் கடிதம் வந்து சேரும் முகவரி அங்கேதான் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு பராமரிப்பு மையம். வயதாலும் நோயாலும் இனி ஓட்ட முடியாதவர்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருக்கலாம். சாப்பாடும் பகல் நேரக் கவனிப்பும் அங்கே கிடைக்கும். நான் சொன்ன அந்தச் செவிலியம்மா சில பாட்டிகளுக்கு நகம் வெட்டிவிட, இரத்த அழுத்தம் பார்க்க அவ்வப்போது போகிறார். அவர்களில் கத்தோலிக்கர் சிலர், திருப்பலிக்கு வர வழியில்லை, வந்து பாருங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

அங்குள்ள பங்குத்தந்தையிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். செப்டம்பர் மாதத் தமிழ்த் திருப்பலி முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, நற்கருணையோடு புறப்படுகிறேன். புதிதாகக் குடிபோனவர்களின் இரண்டு வண்டிகளையும் அன்றே மந்திரிக்கலாம். மதியச் சாப்பாட்டை அன்பியத்துப் பெண்கள் கட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வர முடிந்தவர்கள் திருப்பலி முடிந்ததும் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.