111-ஆம் எண் வீடு

போன மாதம் பாட்டியைக் கண் டாக்டரிடம் காட்ட ஜாசினிலிருந்து மலாக்கா டவுனுக்குக் கூட்டிப் போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்த ஒரு வீடு பக்கத்தில்தான் இருந்தது. ஜாலான் துன் டான் செங் லோக், எண் 111. அந்தக் காலத்தில் ஹீரன் தெரு. 1883-இல் டான் செங் லோக் பிறந்த வீடு.

பள்ளிப் புத்தகத்தில் அவர் மலேசிய சீனர் சங்கத்தின் முதல் தலைவர், அவ்வளவுதான். அரசியலில் அவர் பெரிய பெயர் எடுத்தது பிறகு. முதலில் அவர் ரப்பர்காரர். சிங்கப்பூரில் ஆசிரியராக இருந்தவர், 1908-இல் அதை விட்டுவிட்டு ரப்பர் தோட்டத்தில் உதவி நிர்வாகியாகச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் சொந்தமாக ரப்பர் கம்பெனிகளைத் தொடங்கினார். மலாக்காவில் இதற்கு வழி காட்டியவர் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, அடுத்து எங்கள் ஜாசின் பக்கம் அசஹானில் பெரிய தோட்டம் போட்டவர்.

அந்தத் தெரு வீடுகள் முன்னால் பார்த்தால் குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளும். 111 அவற்றில் பெரியது. நாங்கள் வெளியே நின்றுதான் பார்த்தோம்.

“யாரு வீடுய்யா இது?”

“ரப்பர் தோட்டம் போட்ட தவுக்கே வீடு பாட்டி.”

“இன்னும் இருக்கா? பரவால்லையே, நல்லா வச்சிருக்காங்க.”

பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். அவர் குரலில் பொறாமை துளிகூட இல்லை. எனக்குத்தான் ஏதோ உறுத்தியது.

பெரிய முதலாளிகள் பிறந்த வீட்டை ஏன் போய்ப் பார்க்கிறோம்? குஜராத்தில் சோர்வாட் என்ற ஊரில் திருபாய் அம்பானியின் வீட்டை நினைவகமாக்கி வைத்திருக்கிறார்கள். ‘இங்கிருந்தா இவ்வளவு உயரம் போனார்!’ என்று வியக்கத்தான் அங்கே போகிறோம். ஹீரன் தெருவில் அந்த வியப்புக்கு வேலை இல்லை. அவர் தாத்தாவே கப்பல் விட்டவர்.

ஆனாலும் அவர் துணிச்சல்காரர்தான், அதை மறுக்க முடியாது. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருஷம் ஆகும். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அதில் இறங்க நெஞ்சுரம் வேண்டும். நட்டத்துக்குத் துணிந்தவருக்குத்தான் லாபம் என்பார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அப்படியே நம்பினேன். என் சம்பளம் நிச்சயம், முதலாளியின் லாபம் நிச்சயமில்லை, ஆகவே பெரிய பங்கு அவருக்கு. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

அந்த வாசலில் நின்றபோது கணக்கில் ஒரு வரி விடுபட்டிருப்பது தெரிந்தது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை படுத்தது. முதலாளிகளுக்குப் பணம் போயிருக்கும், சிலருக்குத் தோட்டமே போயிருக்கும். ஆனால் 111-ஆம் எண் வீடு அங்கேயே இருந்தது. அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகளைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். ரப்பர் விலைமேல் தன் வீட்டையே பணயம் வைத்திருந்தவர் யார்? ‘துணிந்தார்’ என்ற சொல் அவர்களுக்கு ஏன் வருவதில்லை? அவர்களைக் கேட்டுக்கொண்டு யாரும் பணயம் வைக்கவில்லை என்பதாலா? கேட்காமல் வைத்தால் அது பணயம் இல்லையா?

இதற்காக டான் செங் லோக்கைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கை மட்டும் பழையபடி போட முடியவில்லை.

திரும்பும் வழியில் பாட்டி, “நம்ம தோட்டத்துப் பக்கமா போயேன்யா” என்றார். தாத்தா வேலை ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறிய தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. பாட்டி கோயிலில் இருந்து எதையோ எண்ணிக்கொண்டே நடந்து, ஒரு மரத்தடியில் நின்றார்.

“இங்கதான் நம்ம வாசல். உங்கப்பா பொறந்தது இங்கதான்.”

“எத்தனாம் நம்பர் வீடு பாட்டி?”

“பதினாலு.”

போனில் படம் எடுத்தேன். பாட்டி கண்ணைக் கசக்கினார். காலையில் டாக்டர் ஊற்றிய மருந்தின் மங்கல் இன்னும் போகவில்லை.

“இருய்யா, அடுத்த மரமா இருக்கும்போல,” என்று நகர்ந்தார்.