இலையில் எத்தனை பேர்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் தேங்காய் மட்டையில் பழுப்பாகத் தீய்ந்த மாதிரி வெடிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஈரியோபைட் என்ற சிலந்திப்பேனின் வேலை அது. கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். சிலந்தி வம்சம் என்று பேர், ஆனால் நாலே கால். இந்தியாவில் 1998-ல் கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியில் முதலில் கண்டார்கள், பிறகு நம் தோப்புகளுக்கும் வந்துவிட்டது. குரும்பையின் மூடிக்கு அடியில் புகுந்து ஒரே காயில் ஆயிரக்கணக்கில் பெருகும்.

இப்படி நெருக்கியடித்தால் பிள்ளை பெறுவது என்ன ஆகும்? இதற்கு நல்ல பதில் கிடைத்திருப்பது அதன் தூரத்து உறவான இரண்டு புள்ளிச் சிலந்திப்பேனிடம். வெண்டை, கத்திரி இலையின் அடியில் நூல் பின்னுமே, அதுதான். அதன் முட்டை கருவுற்றால் பெண், கருவுறாவிட்டால் ஆண். ஆக, மகளா மகனா என்பது தாயின் கையில்.

ஓர் இலையில் ஒருத்தி மட்டும் குடியேறினால் அவள் மகன்கள் தங்கள் சகோதரிகளுக்காகத் தங்களுக்குள்ளேயே மோத வேண்டும். நிறைய மகன்கள் வீண். எனவே பெரும்பாலும் மகள்களைப் பெறுகிறாள். பல தாய்மார்கள் சேர்ந்திருக்கும் இலையில் மகன்களுக்கு அடுத்தவர் வீட்டிலும் ஜோடி உண்டு, அதனால் ஆண் பங்கு கூடுகிறது. டபிள்யூ. டி. ஹாமில்டன் 1967-ல் போட்ட கணக்கு இது. நெரிசல் இன்னும் முற்றினால் முட்டையே குறையும். இணை சேர்ந்த இளம் பெண்கள் இலை விளிம்புக்கு நடந்து, காற்றோடு போய்விடுவார்கள்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். எந்தத் தாயும் 'நம் இனம் அதிகமாகிவிட்டது' என்று குறைத்துக்கொள்ளவில்லை. மொத்த எண்ணிக்கை அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் அவள் உடம்புக்குத் தெரிகிறது. மொத்தத்தை எண்ணி, அந்த எண்ணை ஒரு பெண்ணின் வயிற்றுக்குக் கட்டளையாக அனுப்பும் பிராணி நாம் மட்டும்தான்.

'நாம் இருவர் நமக்கு இருவர்' என்றார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் அறுவை செய்தார்கள். அதே 1976-ல், மக்கள்தொகையைக் குறைக்கும் மாநிலங்கள் நாடாளுமன்ற இடங்களை இழக்கக்கூடாது என்று தொகுதிக் கணக்கை 1971 கணக்கெடுப்போடு உறைய வைத்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தைகள் 1979-ல் 3.5, 1991-ல் 2.2. கட்டாயம் இல்லாமலே இது நடந்தது என்று சீனாவோடு ஒப்பிட்டு எழுதினார் அமர்த்தியா சென். நான் அதை முழுசாக ஏற்கமாட்டேன். கத்தி விழுந்தது பெரும்பாலும் பெண்கள் மேல்தான். ஆனாலும் பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் பள்ளிக்கூடமும்தான் பெரிய காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2019-21 குடும்பநல ஆய்வில் அந்த எண் 1.8. இப்போது பாட்டு மாறிவிட்டது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமணத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். தொகுதி குறைந்துவிடும் என்ற பயம். பயம் நியாயமானது, நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதற்கு மருந்து அரசியல் சட்டத்தில் இருக்க வேண்டும், பிரசவ வார்டில் இல்லை. பிறக்கப்போகிறவள் யாருடைய எம்.பி. சீட்டுக்கும் முட்டுக்கொடுக்க வருவதில்லை.

பூமி தாங்காது, அதனால் பெறாதே என்று ஆபீஸ் கேன்டீனில் அறிவுரை சொல்லும் நண்பர்களிடமும் எனக்கு இதே சண்டை. அவர்களும் மொத்தத்தைத்தான் காட்டுகிறார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். நானும் மனைவியும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். முடிவில் அவள் சொல்லுக்குத்தான் எடை அதிகம். ஊருக்குப் போனால் பெரியம்மா கேட்பார், "என்னய்யா, விசேஷம் ஏதும் உண்டா?" அந்தக் கேள்வியில் தொகுதி இல்லை, பூமி இல்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். முதல்வருக்குப் பதில் சொல்லிவிட்டேன். பெரியம்மாவிடம் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.