கைக்குப் பழகிய குரோஷா ஊசி

குரோஷா ஊசி ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள ஒற்றைத் தண்டு. அதன் முனையில் நூலைக் கவ்வுவதற்கு ஒரு சிறு கொக்கி. பிரெஞ்சு மொழியில் குரோஷா என்ற சொல்லின் பொருளே சிறு கொக்கிதான்; கருவியின் பெயர் வேலைக்கும் பெயராகிவிட்டது. ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசிகள் ஒரு வரிசையின் கண்ணிகள் அத்தனையையும் ஒருசேரச் சுமக்கின்றன. குரோஷாவில் வழக்கமாக ஒரு கண்ணியை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க முடியும். 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித அறிஞர், விளிம்பை நோக்கிப் போகப் போக அலையலையாக விரியும் ஒரு வடிவியல் தளத்தை நூலில் செய்துகாட்ட விரும்பினார். இரட்டை ஊசியில் கண்ணிகள் பெருகிக் கட்டுக்கடங்காமல் போகவே, அவர் எடுத்துக்கொண்டது குரோஷாவைத்தான்.

இப்படி, துணி முழுவதும் ஒரே கொக்கியின் வழியாகப் பிறக்கிறது. 150 கண்ணி அகலமும் 200 வரிசை நீளமும் கொண்ட ஒரு போர்வைக்கு 30,000 கண்ணிகள் வேண்டும். போர்வைக்கு வழக்கமான எளிய கண்ணிக்கே ஊசி இரண்டு முறை நூலை இழுத்துவர வேண்டும். ஆக 60,000 இழுப்புகள். ஒவ்வொரு இழுப்பிலும் நூல் கொஞ்சம் வழுக்கினால், அல்லது தண்டின் விளிம்பு விரலில் கொஞ்சம் உறுத்தினால், போர்வை முடியும்போது அது சிறிய குறையாக இருக்காது. ஒருவருக்கு ஒரு ஊசி பிடித்துப்போவதும் இன்னொன்று கசந்துபோவதும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஊசியின் குணம் அதன் தலையில் இருக்கிறது. கண்ணிக்குள் நுழைவது முனை. அதற்குக் கீழே நூல் வந்து உட்காரும் பள்ளம் தொண்டை. நூலை நழுவவிடாமல் நிறுத்தும் விளிம்பு உதடு. அதற்கப்பால் கண்ணி உருவாகும் தண்டு, கட்டைவிரல் தாங்கும் தட்டையான இடம், கடைசியில் கைப்பிடி. முனை கூராக இருந்தால் இறுக்கமான கண்ணிக்குள்ளும் எளிதில் நுழையும். ஆனால் முறுக்குத் தளர்ந்த நூலைக் குத்திப் பிளந்துவிடும். முனை உருண்டையாக இருந்தால் நூல் பிளக்காது. இறுகிய கண்ணிக்குள் நுழைய முரண்டு பிடிக்கும். உதடு ஆழமாக இருந்தால் பிடித்த நூல் விடாது; ஆனால் வெளியே வரும்போது அந்த உதடே பக்கத்துக் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். ஒன்றில் நன்மையாக இருப்பது இன்னொன்றில் தொல்லையாகிவிடுவதால், எல்லோருக்கும் ஏற்ற தலை என்று ஒன்றை யாராலும் வார்க்க முடியவில்லை.

இந்த வேறுபாடு இரண்டு வடிவங்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்றில் தலையும் தண்டும் ஒரே பருமன். தண்டிலேயே தொண்டையை வெட்டி எடுத்தது போலிருக்கும். மற்றொன்றில் கழுத்து மெலிந்து இறங்கிப் பிறகு தண்டாகப் பருக்கும். தலை உருண்டு மழுங்கியிருக்கும். அமெரிக்காவில் சூசன் பேட்ஸ், பாய் என்ற இரண்டு பிராண்டுகள் முறையே இவ்விரு வடிவங்களுக்கும் அடையாளப் பெயர்களாகவே வழங்குகின்றன. ஒரே பருமனுள்ள ஊசியில் கண்ணி எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைகிறது. கை இன்னும் நிலைப்படாதவருக்கு அது துணை. மெலிந்த கழுத்துள்ள ஊசியில் கண்ணியைத் தண்டின் முழுப் பருமன் வரை ஏற்றாமல் கழுத்திலேயே முடித்துவிட்டால் அது சிறுத்து இறுகும். தேர்ந்த கைக்கு அந்த வடிவமே வேகம் தருகிறது, வழுக்கலாக ஓடுகிறது. எந்த வடிவத்தில் கற்றாரோ அதையே சரியான வடிவம் என்று ஒருவர் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருப்பதும் உண்டு. விருப்பம் என்று சொல்லப்படுவதில் ஒரு பெரும்பங்கு முதல் ஊசியின் பழக்கம்தான். மற்றதையும் ஒருமுறை கையில் எடுத்து ஒரு மணி நேரம் பின்னிப் பார்த்தவர் சொல்லும் விருப்பத்துக்கே எடை அதிகம்.

அளவு வேறு விஷயம். தண்டின் விட்டம் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. கண்ணி தண்டின்மேல் உருவாவதால் அந்த விட்டமே கண்ணியின் அளவு. மெல்லிய பருத்தி நூலுக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டிய எஃகு ஊசி வேண்டும். நடுத்தரப் பருமனுள்ள உல்லன் நூலுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர். பழைய குறியீடுகள் குழப்பம் தருபவை. 5 மில்லிமீட்டர் ஊசிக்கு அமெரிக்காவில் ‘எச்’ என்ற எழுத்து. பழைய பிரிட்டிஷ் கணக்கில் அது 6-ஆம் எண். பிரிட்டிஷ் எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க எஃகு ஊசிகளிலும் அப்படியே. மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குகிறவர் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிடுவார். அளவைத் தீர்மானிப்பது நூலும், செய்யப்போகும் பொருளும், பின்னுகிறவரின் இறுக்கமுமே. ஜப்பானிய அமிகுருமி பொம்மைகளுக்கு நூலுக்குரிய அளவைவிடச் சிறிய ஊசியை எடுப்பது உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. 2016-இல் சென்னையில் இந்தியப் பெண்கள் பலர் பின்னிய துண்டுகள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாகிக் கின்னஸ் சாதனையாயின. இப்படிப் பல கைகளின் வேலையை ஒன்றோடொன்று இணைக்கும்போது, தளர்வாகப் பின்னுகிறவர் ஒரு அளவு சிறிய ஊசிக்கும் இறுக்கிப் பின்னுகிறவர் ஒரு அளவு பெரிய ஊசிக்கும் போனால்தான் ஓரங்கள் பொருந்தும். ஆகவே ‘பிடித்த அளவு’ என்று ஒருவர் சொல்வது பெரும்பாலும் அவர் அடிக்கடி வாங்கும் நூலின் அளவைத்தான். பிடித்த ஊசி என்பது வடிவத்தையும் பிடியையும் பற்றியது.

பிடியிலும் இரண்டு வழக்கம். சிலர் பென்சிலைப் போலப் பிடிக்கிறார்கள்; சிலர் காய் நறுக்கும் கத்தியைப் போலக் கைக்குள் அடக்குகிறார்கள். பென்சில் பிடியில் வேலை விரல்களுக்கு. கத்திப் பிடியில் மணிக்கட்டுக்கு. குட்டையான ஊசியைக் கத்தியாகப் பிடிப்பவருக்கு அதன் மறுமுனை உள்ளங்கையில் குத்தும். பென்சிலாகப் பிடிப்பவருக்குப் பருத்த கைப்பிடி வசதி தருவதற்குப் பதிலாக விரல்களை விரித்து அயர்த்தும். ஜப்பானின் ஹிரோஷிமா ஊசித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வரும் டியூலிப் ஊசிகளில் உலோகத் தண்டுக்கு மெத்தென்ற பிடி பொருத்தப்பட்டிருக்கும். விரல் மூட்டுகளில் வலியுள்ளவர்கள் இத்தகைய பிடிகளை ஆடம்பரம் என்று ஒதுக்கக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டு பின்னும் கை தன்னையறியாமல் நூலை இறுக்கும். இறுகிய கண்ணி மேலும் வலியைக் கூட்டும். இந்தச் சுழலை உடைக்க ஒரு நல்ல பிடியும், அரைமணிக்கு ஒருமுறை கையை நீட்டி மடக்கும் ஓய்வும் வேண்டும். இளமையில் பிடித்த ஊசி அறுபது வயதில் பிடிக்காமல் போவதில் வியப்பில்லை. அதை மாற்றிக்கொள்வதும் தேர்வின் ஒரு பகுதியே.

பொருளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. எஃகு மெல்லிய ஊசிகளுக்கு. வேறு எதுவும் அந்த மெலிவில் வளைந்துவிடும். அலுமினியம் வழுக்கலாக ஓடும், விலையும் குறைவு. மூங்கிலும் மரமும் நூலைச் சற்றுப் பிடித்து நிறுத்துவதால் வழுக்கும் பட்டு நூலுக்கும் பளபளக்கும் செயற்கை நூலுக்கும் ஏற்றவை. கை வியர்க்கும் கோடையில் அக்ரிலிக் நூல் உலோகத்தில்கூட ஒட்டி நிற்கும். அப்போது மரத்தை எடுத்தால் வேலை ஊர்ந்துதான் போகும்.

இத்தனை வகைகளிலிருந்து ஒன்றைத் தேர்வது அண்மைக்காலத்து வசதி. குரோஷாவின் மூதாதை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைக் குத்தி, அடியிலிருந்து நூலை இழுத்துச் சங்கிலியாகக் கோக்கும் கொக்கி ஊசிதான் என்று கைவேலை வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு நாடுகளிலிருந்து ஐரோப்பா சேர்ந்த அந்த வேலை, இன்று தமிழ்நாட்டில் ரவிக்கைகளுக்குப் போடும் ஆரி வேலையின் உறவு. ஆரி ஊசி துணியைத் துளைக்க வேண்டியிருப்பதால் அதன் முனை கூர்மையாக இருக்கிறது. துணியை விட்டுவிட்டுச் சங்கிலியைக் காற்றிலேயே கோக்கத் தொடங்கியபோது கூர்மைக்குத் தேவையில்லாமல் போயிற்று. மழுங்கிய முனை இந்த வேலைக்கே உரியதாயிற்று.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கிப் பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்களும் பாதிரியார்களின் மனைவியரும் பெண்களுக்குக் குரோஷா லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். மோனகன் வட்டாரத்துக் குளோன்ஸ் ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற பெண்மணி 1847-இல் தொடங்கிவைத்த லேஸ் இன்றும் அந்த ஊரின் பெயரால் அறியப்படுகிறது. ஐரிஷ் லேஸுக்கு வீட்டிலேயே செய்துகொண்ட ஊசிகளும் இருந்தன. விறைப்பான கம்பியின் நுனியை அராவி வளைத்து, மறுமுனையை ஒரு மரத்துண்டிலோ தக்கையிலோ செருகினால் ஊசி தயார். ரோஜா இதழும் திராட்சை இலையும் ஒரு நகத்தளவில் எழும்பி நிற்கும் நுண்ணிய லேஸுக்கு அப்படிப்பட்ட ஊசியே போதுமானதாக இருந்தது. அந்தப் பெண்களிடம் பிடித்த ஊசி எது என்று கேட்டிருந்தால், இருக்கிற ஒன்றைத்தான் காட்டியிருப்பார்கள். அந்த விடையில் ஓர் உண்மையும் இருந்திருக்கும்: கை அதன் குறைகளைக் கற்றுக்கொண்டு, அவற்றுக்கேற்ப வளைந்திருக்கும். பிழைப்புக்காகப் பின்னிய பெண்கள் இந்தியாவிலும் இருந்தனர். ஆந்திரத்தின் நரசாபுரம் குரோஷா லேஸ் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் கூலிக்குச் செய்த உழைப்பு ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கணக்கிடப்பட்டதை எடுத்துக்காட்டியது. எண்ணிக்கைக்குக் கூலி பெறுகிறவருக்கு வேகமான ஊசியே நல்ல ஊசி. இன்ன ஊசி எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடிவதற்கே கொஞ்சம் நேரமும் கொஞ்சம் பணமும் மிச்சம் இருக்க வேண்டும். அவை வாய்த்தவர் அந்த வாய்ப்பைக் கவனத்தோடு பயன்படுத்துவது நியாயம்.

கடையில் நின்று ஒரு ஊசியைச் சோதிப்பது கடினம். விரலால் உதட்டைத் தடவி, வார்ப்பின் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கலாம். நூலை நார்நாராக்குவது அந்தப் பிசிறுதான். மற்றவை வீட்டில்தான் தெரியும். ஒரே நூலில், ஒரே அளவில், இரண்டு வடிவ ஊசிகளால் இருபது கண்ணி அகலத்தில் இருபது வரிசை பின்னிப் பார்ப்பது நல்ல வழி. எத்தனை முறை நூல் பிளந்தது, எத்தனை முறை கொக்கி நூலைத் தவறவிட்டது, முடித்த பிறகு கையில் எந்த இடம் நோகிறது என்று பார்க்க வேண்டும். அதைவிட நம்பத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. பின்னும்போது கவனம் எங்கே இருந்தது? ஊசியைப் பார்த்துப் பார்த்துப் பின்ன வேண்டியிருந்தால் அது இன்னும் கைக்கு வரவில்லை. ஊசி மறந்துபோய்க் கண்ணியின் எண்ணிக்கையும் பக்கத்தில் இருப்பவரின் பேச்சும் மட்டும் நினைவிலிருந்தால், அது வந்துவிட்டது. சில ஊசிகள் முதல் மாலையிலேயே வந்துவிடும். சில ஒரு போர்வை முழுவதையும் கேட்கும்.

வீட்டில் வழிவழியாக வந்த ஊசிகளுக்குத் தனி இடம் உண்டு. பெட்டித் தொலைக்காட்சியின் மேல் விரித்த பூவேலை உறைக்கும், தேவாலயப் பீடத்து விரிப்பின் ஓரத்துக்கும் வெள்ளைப் பருத்தி நூலில் உழைத்த மெல்லிய எஃகு ஊசி, இன்றைய தடித்த அக்ரிலிக் நூலைக் கவ்வாது. அதற்காக அதைத் தூக்கியெறிய வேண்டாம். அதற்குரிய நூலை வாங்கினால் பழைய வேலையை இன்றும் செய்யும். பாட்டியின் ஊசி பேத்திக்கு அப்படியே பிடித்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. அதைப் பிடிக்காமல் வேறொன்றை வாங்கிக்கொள்வது அன்புக்குக் குறைவாகாது.

தேர்ந்த ஊசியை ஒரு வேலையின் நடுவில் மாற்றக் கூடாது. ஒரே மில்லிமீட்டர் எழுதியிருந்தாலும் வேறு தலை, வேறு தொண்டை, வேறு வழுக்கல். கண்ணியின் உயரம் மயிரிழை மாறும், மாறிய வரிசையிலிருந்து துணி அகலும் அல்லது குறுகும். அதனால் அனுபவமுள்ளவர்கள் பாதியில் நிற்கும் வேலையிலிருந்து ஊசியை உருவி வேறொன்றுக்கு எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஊசியே வேண்டியிருந்தால், கடைசிக் கண்ணியைப் பெரிதாக இழுத்து ஒரு ஊக்கை மாட்டிவிட்டு, ஊசியின் அளவையும் பிராண்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, நூல் உருண்டையோடு அதே பையில் போட்டு வைக்கிறார்கள்.