மிஞ்ச வருகிறவன்

1999 ஜூன் 27, சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ் கேம்ஸ் போட்டி. டோனி ஹாக் ஸ்கேட்போர்டோடு அந்தரத்தில் இரண்டரைச் சுற்று, அதாவது 900 டிகிரி, சுழன்று இறங்கப் பார்க்கிறார். யாருக்கும் அதுவரை வசப்படாத வித்தை. விழுகிறார், ஏறுகிறார், மறுபடி விழுகிறார். போட்டி நேரமும் முடிந்துபோனது. கூடப் போட்டியிட்டவர்கள் நேரத்தைக் காட்டித் தகராறு செய்யவில்லை. சுற்றி நின்று அவரை உசுப்பிவிட்டார்கள். கடைசியில் இறங்கியேவிட்டார்.

அந்தக் காட்சியில் என்னை ஈர்ப்பவர்கள் சுற்றி நின்ற அந்த ஆட்கள்தான்.

எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் ஸ்கேட்போர்டுக்கென்று திடல் கிடையாது. பையன்கள் கடைவரிசை அஞ்சடியில் உருட்டுகிறார்கள். பலகையின் மேல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான பட்டை. பின்பக்கத்தை மிதித்துத் தட்டி, முன்காலால் அதைத் தேய்த்து மேலே இழுத்தால்தான் பலகை எழும்பும். அதனால் சுண்டுவிரல் பக்கம் சப்பாத்து ஓட்டையாகிவிடும். அந்தப் பையன்களில் பெரியவனின் சப்பாத்தில் விரலே தெரிகிறது. அவனுக்கு வந்த வித்தையைச் சின்னவனுக்கும் அவனே சொல்லித் தருகிறான்: "பயப்படாத லா, தோள நேரா வை!"

இப்படிப் பழகும் பிள்ளைகள் உலக சாதனை படைக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் நம் வீடுகளில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய கையோடு அதைக் குடும்பச் சொத்தாக்கிவிடுகிறோம். அப்புறம் அடுத்த வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வந்தால் வயிறு எரிகிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. பிள்ளை விழுந்து விழுந்து கற்றதையே அது கெடுத்துவிடுகிறது.

2020 மே மாதம், கொரோனா முடக்கத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது, பிரேசிலில் 11 வயது குய் கூரி பாட்டி வீட்டுச் சரிவில் பழகிப் பழகி மூன்று சுற்று, 1080 டிகிரி, முடித்தான். மெகா ரேம்ப் என்ற ராட்சதச் சரிவு இல்லாமல், சாதாரண வெர்ட் ரேம்பில் அதைச் செய்த முதல் ஆள் அவன். மறு ஆண்டு எக்ஸ் கேம்ஸில் அதையே செய்து தங்கம் வென்றான். அதே போட்டியில் 53 வயது ஹாக்கும் இறங்கியிருந்தார். தன்னைத் தாண்டியவனை மனதார வாழ்த்தினார். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி வெறுங்காலோடு, வெள்ளைக் கவுனில் சரிவில் இறங்கும் படத்தை உலகம் பார்க்கப் பகிர்ந்தவரும் அவர்தான். அந்தப் படத்தில் எந்தச் சாதனைக் கணக்கும் இல்லை.

எங்கள் அஞ்சடியிலும் சின்னவன் பெரியவனை மிஞ்சத்தான் போகிறான். பெரியவன் கைதட்டுவான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவனைப் பெற்றவர்கள் அன்று வீட்டில் அவனிடம் என்ன பேசுவார்கள் என்பதுதான் என் கவலை.