வண்டிக்கு எந்த ஊர்?

சீசன் சமயத்தில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நிற்கும் கார்களின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டி.என்., கே.எல்., கே.ஏ., பி.ஒய். என்று பாதி தென்னிந்தியாவே வந்திருக்கும். எல்லாரும் விருந்தாளிகள். ரெண்டு நாள் குளிரை அனுபவித்துவிட்டு மலையிறங்கிப் போய்விடுவார்கள். சீசன் முடிந்து ஊர் அடங்கிய பிறகும், ஒரு பி.ஒய். வண்டி மட்டும் வருஷக்கணக்கில் அதே வீட்டு வாசலில் நின்றால்? அது விருந்தாளி இல்லை. வெளியூர்ச் சட்டை போட்ட உள்ளூர்க்காரர்.

காரணம் சாதாரணக் கணக்குதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 18 சதவிகிதம். 15 லட்ச ரூபாய் காருக்கு 2 லட்சத்து 70 ஆயிரம்! புதுச்சேரியில் இதைவிட ரொம்பக் குறைவு. அங்கே ஒரு முகவரி காட்டினால் போதும். 2017-ல் கேரளத்தில் சில சினிமா நட்சத்திரங்கள் மீதே இப்படிப் புகார் கிளம்பி, போலீஸ் வழக்கு வரை போனது.

"என் காசு, என் கார். யார் குடியைக் கெடுத்தேன்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும்.

வெளியூரில் கார் வாங்குவது தப்பே இல்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கேட்பதெல்லாம், வண்டி வழக்கமாக எங்கே நிற்கும் என்பதுதான். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த ஊர் நம்பருக்கு மாற்றச் சொல்கிறது. பழைய ஊரில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு... அலைச்சல்தான், மறுக்கவில்லை. கோபப்படுங்கள், மனு போடுங்கள். ஆனால், கோபம் பொய்க்கு லைசென்ஸ் ஆகாது.

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலைப் புரட்டிப்போட்டது. மரமும் மண்ணும் சரிந்து மலைப்பாதைகள் அடைபட்டன. அவற்றைத் திறந்துவிட்டது பொதுப்பணம்தான். கார் வரி நேரே அந்த ரோட்டுக்குப் போகாது, பொதுக் கஜானாவுக்குப் போகிறது. அதே ரோட்டில் முழு வரி கட்டி டாக்ஸி ஓட்டுகிற உள்ளூர்க்காரரும் அதில் பங்கு போடுகிறார். குடி கெடுவது அவருக்குத்தான், கொஞ்சம் கொஞ்சமாக.

இன்ஷூரன்ஸும் ஒரு பொது உண்டியல்தான். ஆயிரம் பேர் போடுகிறார்கள், அடிபட்ட ஒருவர் எடுத்துக்கொள்கிறார். மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே, கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற, முகம் தெரியாத மனிதருக்காக. தெரிந்ததை மறைக்காமல் சொல்வது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஆயிரம் பேரின் நாணயத்தை நம்பி உண்டியலில் கை வைக்கப்போகிறவர், தன் முகவரியிலேயே பொய் சொல்லலாமா?

காரை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். ராத்திரி அது எந்த ஊரில் தூங்குகிறதோ, அந்த ஊர்ப் பேரைச் சொல்லிவிடுங்கள்.